நானூற்றொன்றுக்குக் காத்திருக்கையில்

கொம்தார் அடித்தளத்தில்
நானூற்றொன்று வரவேயில்லை.
ஞாயிற்றுக்கிழமை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எனக்கு.
கையில் மீ கோரிங் இரண்டு பொட்டலம்,
மசூதுக்கு ஒன்று, எனக்கொன்று.

அந்த அம்மா நேராக எங்களிடம்தான் வந்தார்.
பூப்போட்ட குடை, வெறும் நெற்றி,
கூடவே ஒரு சீனப் பெரியவர், கித்தாரைத்
தோளில் மாட்டிக்கொண்டு, வாசிக்காமல்.
"பசியாறிட்டீங்களா?" என்றார்.
இந்த ஊர்த் தமிழில் அது வணக்கம் மாதிரி என்று
எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று.
அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம்
என்ன தின்றேன் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, "தம்பி முஸ்லிமா?"
என்னையல்ல, மசூதை.
கடையநல்லூர்க்காரன் தலையாட்டியதும்
நீட்டிய தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்,
இஸ்திரிப்பெட்டி சுட்டதுபோல.
"மன்னிச்சிருங்க. சட்டம்."
தாளின் அடியிலும் பொடி எழுத்தில்
முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும்.
மசூதுக்கு வாய் சும்மா இருக்காது.
"சொர்க்கத்துக்கும் பர்மிட் வேணுமாக்கா?"
அவர் சிரித்துவிட்டார். சீனருக்குப் புரியவில்லை,
அவரும் சிரித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி,
சிரிப்பை மடித்து வைத்துவிட்டு,
"இன்னிக்கு ராத்திரி நீங்க செத்துப்போனா
எங்க போவீங்கன்னு தெரியுமா?"

தெரியும்.
முதலில் பெரியாஸ்பத்திரிப் பிணவறை. பதினெட்டு நாள்.
முதலாளி பூட்டிவைத்த பாஸ்போர்ட்டைத் தேட நாலு நாள்,
பர்மிட் எப்போதோ முடிந்தது தெரியவர ரெண்டு நாள்,
தூதரகத்துக்கு ஒரு கடிதம், அதில் பெயர்ப்பிழை,
இன்னொரு கடிதம்.
பெட்டிக்கு வசூல்,
சலூன் சலூனாக, நகைப்பட்டறை, நாசி கண்டார் கடை,
அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி.
அப்புறம் விமானத்தின் வயிற்றில், எடை பார்த்து.
வைரக்கண்ணு பெட்டியோடு நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
என் மேல்கட்டிலில் படுத்தவன்.
முந்தின நாள்தான் ஓசியில் முகம் வழித்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"திருச்சிக்கு" என்றேன்.

அவர் என்னைத் திருத்தவில்லை.
தாளின் இரண்டாம் பக்கத்துக்கும் போகவில்லை.
குடையைச் சீனரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்,
"தலையில கை வச்சு ஜெபம் பண்ணலாமா?"

ஒரு நாளைக்கு முப்பது தலை தொடுகிறவன் நான்.
எதில் இரட்டைச் சுழி, எதில் தையல் தழும்பு,
யார் ரகசியமாய் மை அடிக்கிறார்கள்,
கத்தி பட்டால் எந்தப் பிடரி பயப்படும், எது தூங்கிவிடும்
எல்லாம் விரலுக்குத் தெரியும்.
என் தலையை மட்டும் நானே
ரெண்டு கண்ணாடி வைத்து வெட்டிக்கொள்கிறேன்.
மூன்று வருடம்.

வைத்தார்.
ஈரக் கை. வெங்காய வாசனை.
சொன்னதில் பாதியை பஸ் இரைச்சல் தின்றது.
'இந்தப் பிள்ளை' என்றது மட்டும் கேட்டது.
எனக்கு நாற்பத்தொன்று.
ஆமென் சொல்லவில்லை.
மதுரைவீரனுக்கு நேர்ந்த கிடா இன்னும் பாக்கி,
அந்தக் கடனை அடைக்காமல்
இன்னொரு கடையில் கணக்குத் திறப்பது முறையில்லை.
ஆனால் நகரவும் இல்லை.
நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் சொல்வேனே,
அசையாதீங்க என்று,
அப்படி நின்றேன்.

நானூற்றொன்று வந்தது.
மசூது சட்டையைப் பிடித்து ஏற்றினான்.
ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்கிட்டயும் கேட்டிருக்கலாம்" என்றான்.
"எங்களுக்குப் பெட்டியும் இல்ல, வசூலும் இல்ல.
அன்னிக்கே அடக்கம், இங்கேயே."

பாலத்து விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"ஆனா வீட்டுல யாரும் மூஞ்சி பாக்க முடியாது."

பொட்டலத்தை நீட்டினேன்.
ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
தின்ன ஆரம்பித்தான்.
அந்தத் தாளைத்தான் கைதுடைக்கக் கேட்டான்.
தரவில்லை.
"உனக்கு இல்லடா" என்றேன், "சட்டம்."